முதல் ஒற்றைப் பலகைக் கணினி: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

செயலி, நினைவகம், வலைத் தொடர்பு, திரைக்கான இணைப்பு ஆகிய அனைத்தையும் சீட்டுக்கட்டு அளவேயுள்ள ஒரே பலகையில் பொருத்தி விற்கும் கருவியையே ஒற்றைப் பலகைக் கணினி என்கிறோம். 2012 பிப்ரவரி 29 அன்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ராஸ்பெரி பை அறக்கட்டளை தன் முதல் பலகையை 35 டாலர் விலையில் வெளியிட்டபோது, பள்ளிப் பிள்ளைகள் நிரல் எழுதிப் பழக மலிவான கணினி ஒன்று வேண்டும் என்பதே அதன் நோக்கமாக இருந்தது. பிள்ளைகளுக்கு முன்பே பெரியவர்கள் அதை ஆசையோடு வாங்கிக்கொண்டார்கள். விளம்பரம் தடுக்கும் வழங்கி (சர்வர்), பழைய தொலைக்காட்சியில் படம் ஓட்டும் பெட்டி, செடிக்குத் தண்ணீர் விடும் கருவி என்று வீட்டுக்கு வீடு ஒரு பயன் முளைத்தது.

புதிதாக வருகிறவர்கள் எந்தப் பலகையை வாங்குவது என்பதிலேயே வாரக்கணக்கில் மூளையைக் குழப்பிக்கொள்கிறார்கள். நான் பார்த்தவரை, காலை வாரிவிடுவது பெரும்பாலும் பலகை அன்று. அதனுடன் வரும் அடாப்டர், மெமரி கார்டு, கேபிள் ஆகிய சில்லறைப் பொருள்களே. ஆகவே இந்த வழிகாட்டி பலகையைப் பற்றிக் கொஞ்சமும், அந்தச் சில்லறைகளைப் பற்றிச் சற்று விரிவாகவும் பேசும்.

முதற்படி: செய்யப்போகும் வேலையை ஒரு வரியில் எழுதுங்கள்

“எலக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொள்ள வேண்டும்” என்பது வேலை அன்று, ஆசை. அந்த ஆசையோடு கடைக்குப் போனால் முப்பத்தேழு சென்சார்கள் கொண்ட பெரிய பெட்டி ஒன்றைத் தலையில் கட்டிவிடுவார்கள். அதில் ஐந்தைத் தொட்டுவிட்டு மீதியைப் பரணில் போடுவோம். “மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பது என் கைப்பேசியில் தெரிய வேண்டும்” என்று எழுதினால் அது வேலை. “வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளிலும் விளம்பரங்கள் வராமல் இருக்க வேண்டும்”, “மகள் பைத்தான் நிரல்மொழியில் எழுதிப் பழக வேண்டும்” ஆகியவையும் வேலைகளே.

எழுதிய வரியை வைத்துக்கொண்டு சில கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இதற்குத் திரையும் விசைப்பலகையும் தேவையா, அல்லது மூலையில் சத்தமில்லாமல் ஓடினால் போதுமா? இருக்கும் இடத்தில் மின் இணைப்பு உண்டா? வெப்பநிலை, தூரம், ஈரம் போன்ற எதையாவது அளக்க வேண்டுமா? மோட்டார், விளக்கு போன்ற எதையாவது இயக்க வேண்டுமா? படம், காணொளி, பெரிய கோப்புகள் ஆகியவற்றைக் கையாள வேண்டுமா? இவற்றுக்கு விடை எழுதி முடித்தாலே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

இரண்டாம் படி: கணினி தேவையா, மைக்ரோகண்ட்ரோலர் போதுமா

கடைகளிலும் இணையத்திலும் இவ்விரண்டையும் ஒரே வரிசையில் வைத்து விற்பதால் புதியவர்களுக்கு வேறுபாடு தெரிவதில்லை. ராஸ்பெரி பை 4, 5 போன்றவை முழுக் கணினிகள். லினக்ஸ் இயங்குதளம் ஏற்றப்பட்டு, பல நிரல்களை ஒரே நேரத்தில் ஓட்டக்கூடியவை. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் பிறந்த ஆர்டுயினோ, ஷாங்காய் நகரின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் தரும் இ.எஸ்.பி. 32, ராஸ்பெரி பையின் சொந்த வெளியீடான பைக்கோ ஆகியவை மைக்ரோகண்ட்ரோலர் பலகைகள். இவற்றில் லினக்ஸ் போன்ற முழு இயங்குதளம் கிடையாது. நீங்கள் எழுதிய ஒரே ஒரு நிரல், மின்சாரம் வந்த கணத்தில் தொடங்கி, மின்சாரம் போகும்வரை ஓடும். ஆர்டுயினோ ஊனோ ஆர்3 பலகையின் நினைவகம் வெறும் 2 கிலோபைட்தான் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். ஒரு சென்சாரைப் படித்து ஒரு விளக்கை எரிய விடுவதற்கு அதுவே தாராளம்.

மின்வெட்டு அடிக்கடி வரும் வீட்டில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று மின்சாரம் நின்றால், கார்டில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் அறுந்து, அடுத்த முறை இயங்குதளமே எழும்பாமல் போகலாம். மைக்ரோகண்ட்ரோலருக்கு அந்தக் கவலை இல்லை. மேலும் இ.எஸ்.பி. 32 ஆழ்ந்த உறக்க நிலைக்குச் சென்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை மட்டும் விழித்துத் தகவல் அனுப்பும் வகையில் அமைத்தால், சிறிய மின்கலத்திலேயே மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும்.

நம் தொட்டி எடுத்துக்காட்டுக்கு வருவோம். மாடியில் தண்ணீர் மட்டத்தை அளந்து வை-ஃபை வழியே அனுப்பும் வேலைக்குக் கணினி தேவையே இல்லை, இ.எஸ்.பி. 32 அல்லது வை-ஃபை உள்ள பைக்கோ டபிள்யூ போதும். அனுப்பிய அளவுகளைச் சேமித்து, வரைபடமாக்கி, தொட்டி நிரம்பும்போது எச்சரிக்கை தர வேண்டுமென்றால் வீட்டுக்குள் ஒரு ராஸ்பெரி பை வைக்கலாம். மாடியில் மலிவான பலகை, கூடத்தில் கணினி என்னும் இந்த ஏற்பாடே வீட்டு வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. மாடிப் பலகை வெயிலிலோ மழையிலோ கெட்டுப்போனாலும் இழப்பு சிறியது.

வேலை படம், காணொளி, பெரிய கோப்புகள் பற்றியது என்றால் எதிர்ப்பக்கத்திலும் ஓர் எல்லை உண்டு. வீட்டுக்கான கோப்புச் சேமிப்பகமாக இரண்டு மூன்று வன்தட்டுகளை இணைத்து ஓட்ட விரும்புகிறவர்கள், பலகை, பெட்டி, அடாப்டர், இணைப்பான்கள் என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், அலுவலகங்கள் கழித்துவிட்ட சிறிய மேசைக் கணினி ஒன்றைப் பழைய பொருள் விலைக்கு வாங்குவதே மேல் என்று தோன்றும். அந்தத் தோற்றம் பெரும்பாலும் சரியே.

மூன்றாம் படி: கணினிதான் என்றால் எது

புதியவர்களுக்கு நான் ராஸ்பெரி பையைத்தான் சொல்வேன். அதைவிடக் குறைந்த விலையில் அதிக வேகம் தரும் பலகைகள் உண்டு. ஆரஞ்சு பை, பனானா பை, ராட்க்ஸா, தென்கொரியாவின் ஓட்ராய்ட் ஆகியவற்றில் நல்ல வன்பொருள் இருக்கிறது. ஆனால் நள்ளிரவில் திரை கறுப்பாகி நின்றால், அதே சிக்கலை முன்னரே சந்தித்துத் தீர்வு எழுதி வைத்தவர்கள் ராஸ்பெரி பைக்குத்தான் மிக அதிகம். பிற பலகையைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால், வாங்கும் முன் அதன் நிறுவனப் பக்கத்தில் இயங்குதளக் கோப்பு கடைசியாக எந்தத் தேதியில் புதுப்பிக்கப்பட்டது என்று பாருங்கள். ஓராண்டுக்கு மேல் தொடப்படாமல் கிடந்தால், பலகை எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் ஒதுங்கிக்கொள்ளுங்கள். ஆர்ம்பியன் என்னும் தன்னார்வ இயங்குதளம் அந்தப் பலகையை ஆதரிக்கிறதா என்பதையும் பார்ப்பது நல்லது.

ராஸ்பெரி பைக் குடும்பத்துக்குள் ஒரு புதியவர் கவனிக்க வேண்டியவை மூன்று பலகைகள். 2021 அக்டோபரில் வந்த ஸீரோ 2 டபிள்யூ, விரல் நீளப் பலகை; 512 எம்பி நினைவகம்; திரை இல்லாமல் ஓடும் சிறு வேலைகளுக்கு ஏற்றது. பை-ஹோல் என்னும் விளம்பரத் தடுப்பு நிரல் இதில் சுகமாக ஓடும். 2019 ஜூனில் வந்த ராஸ்பெரி பை 4, இன்றும் வீட்டு வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குப் போதும். 2023 அக்டோபரில் கடைக்கு வந்த ராஸ்பெரி பை 5, 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள நான்கு உள்ளகங்களை (கோர்) கொண்டது. மேசைக் கணினி போலத் திரை வைத்து உலாவி திறந்து வேலை செய்கிறவர்களுக்கு அந்த வேறுபாடு உடனே தெரியும். ஆனால் தொட்டி அளவைச் சேமிப்பவருக்கு அந்த வேகம் வீண். அதற்கான அடாப்டரும் விசிறியும் கூடுதல் செலவு.

நினைவகத்தைப் பொறுத்தவரை கடைக்காரர் சொல்வதைக் கேட்டு 8 ஜிபிக்குப் போக வேண்டாம். திரையில்லாத ஒற்றை வேலைக்கு 1 ஜிபி போதும். ஹோம் அசிஸ்டன்ட் போன்ற வீட்டுக் கட்டுப்பாட்டு நிரலுக்கு 2 ஜிபி வேண்டும். உலாவியில் பல பக்கங்களைத் திறந்து வைக்கும் பிள்ளைக்கு 4 ஜிபி வாங்கிக் கொடுங்கள். நினைவகத்தைப் பின்னர் கூட்ட முடியாது என்பது உண்மைதான். ஆனால் அந்த அச்சத்தில் இரண்டு மடங்கு வாங்கிவைக்கிற பணத்தில் ஒரு நல்ல கார்டும் அசல் அடாப்டரும் வாங்கிவிடலாம்.

எப்போதும் ஓடும் கருவி என்பதால் மின்கட்டணத்தைப் பற்றிய கேள்வி வீட்டில் எழும். ராஸ்பெரி பை 4 சும்மா ஓடும்போது ஏறத்தாழ 3 வாட் இழுக்கும். இரண்டு மாதக் கணக்கெடுப்புக் காலத்துக்கு அது ஏறத்தாழ 4.3 யூனிட், 75 வாட் மின்விசிறி ஒன்று இரண்டரை நாள் சுழன்றால் ஆகும் மின்சாரம். பழைய மேசைக் கணினி 60 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டால் அதே காலத்துக்கு 86 யூனிட் ஆகும்.

கம்ப்யூட் மாட்யூல் என்ற பெயரில் சற்று மலிவாகத் தெரியும் ஒரு வகை உண்டு. அது வேறொரு தாய்ப்பலகையில் பொருத்துவதற்கானது. தனியாக வாங்கினால் அதில் எதையும் செருக முடியாது.

நான்காம் படி: மின்சாரம்

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். “பலகை கெட்டுவிட்டது” என்று சொல்லி என்னிடம் கொண்டுவரப்பட்ட ராஸ்பெரி பைகளில் பெரும்பாலானவற்றை அடாப்டரை மாற்றியே திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

ஸீரோ 2 டபிள்யூவுக்கு 5 வோல்ட், 2.5 ஆம்பியர் தரும் மைக்ரோ யூ.எஸ்.பி. அடாப்டர் வேண்டும். ராஸ்பெரி பை 4க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் டைப்-சி அடாப்டர். ராஸ்பெரி பை 5க்கு 5 வோல்ட், 5 ஆம்பியர். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மடிக்கணினிக்கான 65 வாட் சார்ஜர் கையில் இருக்கிறது, 25 வாட் தாராளமாகக் கிடைக்குமே என்று நினைப்பார்கள். அந்தச் சார்ஜர்கள் 9, 15, 20 வோல்ட்டில்தான் தங்கள் பலத்தைக் காட்டும். 5 வோல்ட்டில் வழக்கமாக 3 ஆம்பியருக்கு மேல் தராது. 3 ஆம்பியரில் ராஸ்பெரி பை 5 எழும்பும், ஆனால் யூ.எஸ்.பி. துளைகளுக்குச் செல்லும் மின்னோட்டத்தை மொத்தம் 0.6 ஆம்பியருக்குள் அடக்கிவிடும். அப்போது நீங்கள் இணைத்த வன்தட்டு வேலை செய்யாது. நீங்கள் வன்தட்டைக் குறை சொல்வீர்கள்.

கைப்பேசி சார்ஜரால் ஏன் ஆகாது என்பதற்கு ஒரு சிறு கணக்கு. கைப்பேசிக்குள் மின்கலம் இருப்பதால், வரும் மின்னழுத்தம் சற்றுக் குறைந்தாலும் அது மெதுவாக நிரம்புமே தவிர அணைந்துபோகாது. பலகைக்கு அந்த மெத்தை இல்லை. மெல்லிய கேபிளில் மின்சாரம் போகும் கம்பி, திரும்பும் கம்பி இரண்டிலும் சேர்த்து 0.2 ஓம் தடை இருந்தால், 3 ஆம்பியர் ஓடும்போது 0.6 வோல்ட் வழியிலேயே போய்விடும், அடாப்டரில் 5.1 வோல்ட் புறப்பட்டாலும் பலகைக்கு 4.5 வோல்ட்தான் வந்து சேரும். ராஸ்பெரி பை 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மின்னழுத்தக் குறைவு என்று பதிவு செய்துகொண்டு திரையின் மேல்மூலையில் மின்னல் குறியைக் காட்டும். செயலியின் வேகத்தையும் குறைக்கும். பிரித்தெடுக்க முடியாத, தடித்த கேபிள் பொருத்தப்பட்ட அடாப்டரை அதிகாரபூர்வமாகவே விற்பதற்குக் காரணம் இதுதான். முந்நூறு நானூறு ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது அன்று.

மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் இருக்கும் வீடு என்றால், மின்சாரம் மாறும் அந்த நொடிப்பொழுதில் பலகை அணைந்து எழும்புகிறதா என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள். வை-ஃபை ரவுட்டருக்காக விற்கும் சிறு யூ.பி.எஸ். பெட்டிகளில் 5 வோல்ட் துளை இருந்தாலும், அது எத்தனை ஆம்பியர் தரும் என்று பெட்டியின் மேல் படித்துவிட்டே இணைக்க வேண்டும்.

ஐந்தாம் படி: மெமரி கார்டு

எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பெட்டியாக விற்கும் கிட்டுகளில் மலிவுக்கு முதலில் பலியாவது இதுதான். இயங்குதளம் முழுவதும் இந்த நகத்தளவு அட்டையில்தான் இருக்கிறது; அது சிறுசிறு கோப்புகளை இடைவிடாமல் படித்து எழுதும். ஆகவே கார்டின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் “நொடிக்கு இத்தனை எம்பி” என்ற எண் உங்களுக்கு அவ்வளவாகப் பயன்படாது. ஏ1 என்ற குறியைத் தேடுங்கள். நொடிக்குக் குறைந்தது 1,500 சிறு வாசிப்புகளையும் 500 சிறு எழுத்துகளையும் அது தாங்கும் என்பதே அந்தக் குறியின் பொருள். 32 ஜிபி கார்டு தொடக்கத்துக்குப் போதும்.

போலிக் கார்டுகள் ஏராளம். 64 ஜிபி என்று காட்டிக்கொண்டு, உள்ளே 8 ஜிபி மட்டும் வைத்திருப்பவை அவை. எட்டு நிரம்பும்வரை ஒழுங்காக நடித்துவிட்டு, அதன் பிறகு எழுதுவதை எல்லாம் விழுங்கிவிடும். விண்டோஸ் கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்னும் இலவச நிரல்கள் கார்டை முழுவதும் எழுதிப் படித்து உண்மையான அளவைச் சொல்லிவிடும். கிட்டோடு வந்த கார்டையும் இப்படிச் சோதித்த பின்னரே பயன்படுத்துங்கள்.

எல்லாம் அமைத்து முடித்த பின், அடிக்கடி எதையும் சேமிக்கத் தேவையில்லாத வேலை என்றால், ராஸ்பெரி பையின் அமைப்புப் பட்டியலில் உள்ள ஓவர்லே கோப்பு முறையை இயக்கிவிடலாம். அதன் பிறகு கார்டில் எதுவும் எழுதப்படாது. மின்வெட்டில் கெடும் வாய்ப்பும் பெரிதும் குறையும்.

ஆறாம் படி: துளைகள், கேபிள்கள், சூடு

திரை இணைப்பில் மூன்று அளவுகள் உண்டு. ராஸ்பெரி பை 3இல் முழு அளவு எச்.டி.எம்.ஐ.; 4, 5 ஆகியவற்றில் மைக்ரோ; ஸீரோ வகைகளில் மினி. மைக்ரோவும் மினியும் ஒன்றென்று நினைத்து வாங்கிய கேபிள் என் மேசை இழுப்பறையில் இன்னும் கிடக்கிறது. ராஸ்பெரி பை 5இல் ஒலிக்கான 3.5 மில்லிமீட்டர் துளை கிடையாது. பழைய ஒலிபெருக்கியை இணைத்துப் பாட்டுப் பெட்டி செய்ய நினைப்பவர்கள் 4ஐ எடுக்கலாம், அல்லது யூ.எஸ்.பி. ஒலி அட்டை ஒன்றைச் சேர்த்து வாங்க வேண்டும். கேமராவுக்கான பட்டைக் கேபிளும் அப்படியே: 4இல் 15 தொடுமுனைகள் உள்ள அகலப் பட்டை, ஸீரோவிலும் 5இலும் 22 முனைகள் உள்ள ஒடுங்கிய பட்டை. கேமராவோடு வரும் கேபிள் எது என்று விற்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

சென்சார்களை இணைக்கும் 40 பின்களுள்ள (சிறு உலோக முனைகள்) வரிசை, ஸீரோ 2 டபிள்யூவின் சில பிரதிகளில் வெறும் துளைகளாகவே வரும். பற்றவைக்க (சோல்டரிங் செய்ய) தெரியாதவர்கள் பின்கள் பொருத்தப்பட்டதையே கேட்டு வாங்க வேண்டும். முதல் பற்றவைப்பை நாற்பது பின்களில் பழகுவது நல்ல யோசனை அன்று. ஸீரோ 2 டபிள்யூ, பைக்கோ டபிள்யூ, சாதாரண இ.எஸ்.பி. 32 மூன்றும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபையை மட்டுமே அறியும் என்பதையும் மறக்க வேண்டாம். ரவுட்டரில் அந்த அலைவரிசையை அணைத்து வைத்திருந்தால் இவற்றுக்கு உங்கள் வலையே கண்ணில் படாது.

செயலி 80 பாகை செல்சியஸை எட்டினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ராஸ்பெரி பை 5க்கு விசிறியுடன் கூடிய குளிர்விப்பான் வேண்டும். 4க்கு வெப்பத்தைக் கடத்தும் அலுமினியப் பெட்டியே போதும். விசிறி இல்லாததால் சத்தமும் தூசியும் இல்லை. கிட்டோடு வரும் மூடிய பிளாஸ்டிக் பெட்டி அழகாக இருக்கும். மே மாதத்தில் சென்னையிலோ வேலூரிலோ ஓடு வேய்ந்த அறையில் வைத்தால் அது அடுப்புதான்.

ஏழாம் படி: சென்சார்களைத் தேர்ந்தெடுத்தல்

இதில் இரண்டு செய்திகளை மனத்தில் பதிய வையுங்கள். முதலாவது, ராஸ்பெரி பையின் பின்கள் 3.3 வோல்ட்டை மட்டுமே தாங்கும். 5 வோல்ட் வந்தால் அந்தப் பின் எரியும், சில நேரங்களில் செயலியே போய்விடும். இ.எஸ்.பி. 32, பைக்கோ ஆகியவற்றையும் அதே கவனத்தோடு கையாள வேண்டும். இரண்டாவது, ராஸ்பெரி பைக் கணினிகளில் தொடர்ந்து மாறும் மின்னழுத்தத்தை, அதாவது அனலாக் குறிப்பலையைப் படிக்கும் வசதி இல்லை. ஆர்டுயினோ, பைக்கோ, இ.எஸ்.பி. 32 ஆகியவற்றில் அது உண்டு.

முப்பத்தேழு சென்சார் பெட்டிகள் ஆர்டுயினோ ஊனோவின் 5 வோல்ட்டை நினைத்தே உருவானவை. அவற்றின் மேல் “ராஸ்பெரி பைக்கும் பொருந்தும்” என்று அச்சிட்டிருப்பார்கள். ஒளி, ஈரம், ஒலி ஆகியவற்றை அளவாகப் படிக்க வேண்டுமானால் அனலாக் குறிப்பலையை எண்ணாக மாற்றும் எம்.சி.பி. 3008 அல்லது ஏ.டி.எஸ். 1115 போன்ற சில்லு ஒன்றையும் தனியாக வாங்க வேண்டும். அந்தச் சில்லு அந்தப் பெட்டியில் பெரும்பாலும் இராது.

தூரம் அளக்கும் எச்.சி.எஸ்.ஆர். 04 என்னும் இரட்டைக் கண் சென்சார் எல்லாக் கிட்டுகளிலும் உண்டு. அது 5 வோல்ட்டில் ஓடி, விடையையும் 5 வோல்ட்டிலேயே தரும். இதைப் படிக்காமல் விடை வரும் அதன் எக்கோ முனையை நேராகப் பலகையில் செருகிவிட்டு, ஒரு வாரம் நிரலில் பிழை தேடியவன் நான். பிழை நிரலில் இல்லை, பின் செத்துப்போயிருந்தது. 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டைத் தொடராக வைத்து நடுவிலிருந்து எடுத்தால் 5 வோல்ட் 3.3 ஆகிவிடும். இரண்டு ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள். மனித நடமாட்டத்தை அறியும் எச்.சி.எஸ்.ஆர். 501 சென்சாரோ, 5 வோல்ட்டில் ஓடினாலும் விடையை 3.3 வோல்ட்டில் தரும்; அதை நேராகவே இணைக்கலாம். ஆகவே ஒவ்வொரு சென்சாருக்கும் அது எதில் ஓடுகிறது, விடையை எதில் தருகிறது என்று இரண்டு எண்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

தொட்டிக்கு இந்த இரட்டைக் கண் சென்சார் ஆகாது. ஈரக்காற்றில் சில மாதங்களில் துருப்பிடித்துவிடும். நீர் புகாத ஜே.எஸ்.என். எஸ்.ஆர். 04டி வகையை வாங்க வேண்டும். ஆனால் அது ஏறத்தாழ 25 சென்டிமீட்டருக்குள் இருப்பதை அளக்காது. தொட்டி விளிம்புவரை நிரம்பும் என்றால் சென்சாரை மூடிக்கு மேலே சிறு குழாய்த் துண்டில் உயர்த்திப் பொருத்துங்கள்.

செடித்தொட்டி ஈரத்துக்கு, முள்கரண்டி போல இரண்டு கால்கள் உள்ள மலிவான சென்சாரை வாங்க வேண்டாம். ஈரமண்ணில் மின்சாரம் பாயப் பாய அதன் உலோகப் பூச்சு அரித்துப்போகும். ஒரே பட்டையாக இருக்கும் கெப்பாசிட்டிவ் வகை நீண்ட நாள் உழைக்கும். வெப்பநிலைக்கு நீலப் பெட்டியான டி.எச்.டி. 11 இரண்டு பாகைவரை தவறும். வெள்ளை நிற டி.எச்.டி. 22 அரைப் பாகைக்குள் நிற்கும். விலை வேறுபாட்டுக்கு அது தகும்.

இனி, மோட்டாரையே இயக்க விரும்புகிறவர்களுக்கு. பலகையின் எந்த ஒரு பின்னும் 16 மில்லி ஆம்பியருக்கு மேல் தராது. சிறு பொம்மை மோட்டாரைக்கூட நேராக இணைக்கக் கூடாது. கிட்டுகளில் வரும் நீல நிற ரிலேயின் (பலகை இயக்கும் மின் சுவிட்ச்) மேல் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று எழுதியிருக்கும். ஒரு குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கமான மின்னோட்டத்தைப்போலப் பல மடங்கு இழுக்கும். அந்த ரிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்கவே நிற்காது. ரிலே ஒரு காண்டாக்டரை (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்ச்) இயக்க, காண்டாக்டர் மோட்டாரை இயக்க வேண்டும். 230 வோல்ட் பக்கத்தை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள். பற்றவைக்காமல் செருகிப் பழகும் பிரெட்போர்டில், அதில் இணைக்கும் மெல்லிய ஜம்பர் வயரில் வீட்டு மின்சாரத்தைக் கொண்டுவரவே கூடாது. முதல் ஆறு மாதங்கள் அளப்பதோடு நிறுத்திக்கொண்டு, மோட்டாரைக் கையால் போடுங்கள் என்பது என் யோசனை.

எட்டாம் படி: கிட்டா, தனித்தனியா

பெட்டியின் உள்ளடக்கப் பட்டியலை வரிவரியாகப் படியுங்கள். “ராஸ்பெரி பை கிட்” என்ற தலைப்பில் விற்பனையாகும் சில பெட்டிகளில் ராஸ்பெரி பையே இராது. அதற்கான துணைப்பொருள்கள் மட்டுமே இருக்கும். பலகை இருந்தால் எத்தனை ஜிபி, அடாப்டர் எத்தனை ஆம்பியர், கார்டு எந்த நிறுவனத்தது, திரைக் கேபிள் எந்த அளவு என்று நான்கையும் கேளுங்கள். “அடாப்டர் உண்டு” என்று மட்டும் எழுதி ஆம்பியரைச் சொல்லாத பட்டியலை நம்ப வேண்டாம்.

பலகை, அதிகாரபூர்வ அடாப்டர், ஏ1 கார்டு, பெட்டி, சரியான திரைக் கேபிள் ஆகிய ஐந்தும் சேர்ந்த அடிப்படைக் கிட் நியாயமான விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம். சென்சார்களை மட்டும் வேலைக்குத் தேவையானபடி தனியாக வாங்குங்கள். அதனுடன் ஒரு பிரெட்போர்டு, மூன்று வகை ஜம்பர் வயர்கள், 330 ஓம், 1 கிலோ, 2 கிலோ, 10 கிலோ ஓம் மின்தடைகளில் பத்துப் பத்து, நாலைந்து எல்.இ.டி.கள், மின்னழுத்தமும் மின்தடையும் அளக்கும் ஒரு மலிவான மல்டிமீட்டர். இந்த மல்டிமீட்டர் எந்தக் கிட்டிலும் வருவதில்லை. ஆனால் அதுதான் உங்களுக்கு அதிகம் உதவப்போகிறது. சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் இவற்றை ஒரே நடையில் முடித்துவிடலாம். எண்களோடு பட்டியலை எழுதிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் கடைக்காரரின் கையில் இருப்பதுதான் உங்கள் பட்டியலாகிவிடும். பலகையை மட்டும், ராஸ்பெரி பையின் தளத்தில் நாடுவாரியாகக் கொடுத்திருக்கும் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் ரசீதோடு வாங்குங்கள். 2021 முதல் ஈராண்டுக்கு மேல் நிலவிய சில்லுத் தட்டுப்பாட்டில் இடைத்தரகர்கள் பல மடங்கு விலை சொன்ன பழக்கம் இன்னும் சில இடங்களில் மிச்சமிருக்கிறது.

ஒன்பதாம் படி: முதல் மாலை

வேறொரு கணினியில் ராஸ்பெரி பை இமேஜர் நிரலை நிறுவி, கார்டில் இயங்குதளத்தை எழுதுங்கள். எழுதும் முன்பே பயனர் பெயர், கடவுச்சொல், வை-ஃபை விவரம், தொலைவிலிருந்து நுழையும் எஸ்.எஸ்.எச். வசதி ஆகியவற்றை அந்த நிரலிலேயே நிரப்பிவிடலாம். அப்படிச் செய்தால் திரையோ விசைப்பலகையோ இல்லாமலேயே தொடங்கலாம். பழைய பாடங்களில் “பை” என்ற பயனர் பெயர் தானாகவே இருக்கும் என்று எழுதியிருப்பார்கள். 2022 ஏப்ரல் முதல் அது நீக்கப்பட்டுவிட்டது.

அடுத்து ஓர் எல்.இ.டி.யை எரிய விடுங்கள். பின்களுக்கு இரண்டு எண் முறைகள் இருப்பதை அப்போது அறிவீர்கள்: வரிசையில் 11ஆவதாக இருக்கும் பின்னை நிரலில் 17 என்று அழைக்க வேண்டியிருக்கும். பின் வரைபடத்தை அச்சிட்டு மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள். 330 ஓம் மின்தடையோடு இணைத்தால் ஏறத்தாழ 4 மில்லி ஆம்பியர்தான் ஓடும். பலகைக்குக் கேடு வராது. நிரலுக்கு ஜிபிஐஓ ஸீரோ என்னும் பைத்தான் தொகுப்பைப் பயன்படுத்துங்கள். பழைய பாடங்களில் வரும் ஆர்.பி.ஐ. ஜிபிஐஓ தொகுப்பு ராஸ்பெரி பை 5இல் ஓடாது. ஒயரை மாற்றும் ஒவ்வொரு முறையும் பலகையை முறைப்படி அணைத்து, மின்சாரத்தை எடுத்துவிட்டே மாற்ற வேண்டும்.

பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், பலகை கடைசியாக இருக்கப்போகும் இடத்திலேயே வைத்து, இணைக்கப்போகும் எல்லாவற்றையும் இணைத்து, ஒரு முழுப் பகலும் இரவும் ஓட விடுங்கள். நடுப்பகலில் வெப்பநிலையைப் பாருங்கள், வை-ஃபை அறுந்ததா என்று பாருங்கள், மின்னல் குறி வந்ததா என்று பாருங்கள். குறி வந்திருந்தால் முதலில் கேபிளையும், அடுத்து அடாப்டரையும் மாற்றிவிட்டு மறுபடி ஒரு நாள் ஓட்டுங்கள். அதன் பிறகும் வந்தால், யூ.எஸ்.பி.யில் இணைத்தவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் கழற்றிய பின்னும் குறி தொடர்ந்து வந்தால் மட்டுமே பலகையைப் பெட்டியில் வைத்துக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.